பண்டிகைச் செலவும் பொருள் வரைதலும்



ஐப்பசி அமாவாசை விடியற்போதில், பாவாபுரியில், ஸ்ரீவர்த்தமான மகாவீர பகவான் பரிநிர்வாணம் எய்தினார். மரபுக் கணக்கின்படி அது கி.மு. 527. பகவானுக்கு அப்போது அகவை 72. ஞானச் சுடர் மறைந்த இருளைப் போக்க மக்கள் மண் விளக்குகளை வரிசையாக ஏற்றினர் என்பது நம் மரபு. கி.பி. 783-இல் ஜினசேனாசாரியார் நிறைவு செய்த அரிவம்ச புராணத்தில் அந்த விளக்கு வரிசை பேசப்படுகிறது. தீபாவளி நமக்கு வந்த வழி இது.

நாம் வாழ்வதோ திருப்பூர். பல நாட்டு மக்கள் உடுக்கும் பனியனும் உள்ளாடையும் குழந்தைச் சட்டையும் இங்கிருந்தே கப்பலேறுகின்றன. உடுத்த ஆடையையும் பற்றென்று கண்டு துறந்த பெருமான் வீடுபேறடைந்த நாளில், உலகுக்கு ஆடை தைக்கும் ஊரில், நாம் ஆடை வாங்கக் கடன்படுகிறோம். இது பிறர்மேல் சுமத்தும் குறையன்று. நம் இல்லத்திலும் நடந்ததே. அதனைப் பின்னர்ச் சொல்வோம்.

இரண்டாண்டுகளுக்கு முன், கார்த்திகைத் தொடக்கத்தில், நம் தெருவில் குடியிருக்கும் ஓர் இளந்தாய் நம் திண்ணைக்கு வந்து அமர்ந்தாள். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவள். கணவன் ஓவர்லாக் டெய்லர். சொந்த ஊர் தேனிப் பக்கம். தீபாவளிக்கு ஊருக்குப் போக வேண்டும். வெறுங்கையோடு போக முடியாது. மாமியாருக்கும் நாத்தனார் இருவருக்கும் சேலை, மாமனாருக்கு வேட்டி, பிள்ளைகளுக்குத் துணி, இனிப்புப் பெட்டிகள், பேருந்துக் கட்டணம் என்று கணக்கிட்டு, வாரத் தவணைக்காரரிடம் 20,000 ரூபாய் கடன் வாங்கியிருந்தாள். கையில் கிடைத்தது 17,000. வாரம் 2,000 வீதம் பத்து வாரம் கட்ட வேண்டும். மூன்று வாரம் கட்டியாயிற்று. நான்காவது வாரம் மளிகைக்குப் பணம் இல்லை. “போனஸ் வந்தாக் கட்டிப்போடலாம்னு நெனச்சனுங்க டீச்சரம்மா. வந்த போனஸ் ஊருக்குப் போயிட்டு வந்ததுலயே தீந்து போச்சுங்க” என்றாள்.

“வட்டி எவ்வளவு தாயே?” என்று கேட்டோம். “அதெல்லாம் வட்டி இல்லீங்க, 3,000 மட்டும் புடிச்சுக்கிட்டாங்க” என்றாள். பல்லாண்டு கணக்குப் பாடம் நடத்திய கை சும்மா இருக்குமா? காகிதம் எடுத்துக் கணக்கிட்டோம். பத்து வாரத்தில் 17,000-க்கு 3,000 என்றால் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினெட்டு என்று தோன்றும். ஆனால் வாரந்தோறும் 2,000 திரும்பிப் போய்விடுவதால் முழுப் பணமும் அவள் கையில் பத்து வாரம் தங்குவதே இல்லை. அதனையும் சேர்த்துப் பார்த்தால் ஆண்டு வட்டி நூற்றுக்கு 150-ஐத் தாண்டுகிறது. கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-இல் சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் சனிக்கிழமை சம்பள நேரத்தில் கம்பெனி வாசலுக்கு வரும் இருசக்கர வண்டிகளை இவ்வூரில் அறியாதார் யார்?

இல்லறத்தார்க்கு நம் அறநூல்கள் ஐந்து அணுவிரதங்களை வகுத்தன. அவற்றுள் ஐந்தாவது பொருள் வரைதல். துறவியைப் போல் எல்லாவற்றையும் விடுக என்று அது இல்லறத்தாரிடம் கேட்கவில்லை. இவ்வளவு போதும் என்று ஒரு கோடு கிழித்துக்கொள்க என்றே கேட்கிறது. கோட்டை எங்கே கிழிப்பதென்பது அவரவர் பொறுப்பு. முன்கூட்டிக் கிழிக்க வேண்டும் என்பது மட்டும் கட்டளை. கடைக்குள் நுழைந்தபின் கிழிக்கும் கோடு கோடாகாது என்பதைப் பண்டிகைக் காலத்தில் ஒரு துணிக்கடைக்குள் போய் வந்தவர் அறிவர்.

சமந்தபத்திரர் தம் இரத்தினகரண்டகத்தில் இவ்விரதத்தைப் பழுதாக்கும் ஐந்து குற்றங்களைச் சொல்கிறார். அந்நூலின் பொருளைத் தமிழில் தரும் அருங்கலச்செப்பை நம்மில் பலர் பயின்றிருப்போம். அளவுக்கு மீறி விலங்குகளை ஓட்டுதல், அளவுக்கு மீறிச் சேர்த்து வைத்தல், வியத்தல், பேராசை, மிகுபாரம் ஏற்றுதல் என்பன அவ்வைந்து. இவற்றுள் வியத்தல் என்பதைப் படிக்கும்போதெல்லாம் நாம் நின்றுவிடுவதுண்டு. வியப்பும் ஒரு குற்றமா? பிறருடைய செல்வத்தைக் கண்டு வாய்பிளப்பதே குற்றம் என்கிறார் ஆசிரியர். எதிர்வீட்டு மருமகள் கொண்டுவந்த சீரைக் கண்டு வியக்கிறோம். வியந்த மாத்திரத்தில் நம் கோடு அழிந்துவிடுகிறது. பேராசை பிறகுதான் வருகிறது. பரிசுப் பொருள்களில் செலவு மிகுவதற்குக் காரணம் அன்பு மிகுதி என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். உற்று நோக்கினால் பெரும்பகுதி வியப்பே. பிறர் நம்மை வியக்க வேண்டும் என்பதும் அதில் அடக்கம்.

பரிசு என்பது யாது என்று அறிய நமக்கு ஆதிபகவனின் வரலாறு ஒன்றே போதும். துறவு பூண்ட விருஷப தேவர் ஆகாரத்திற்காக ஊர்தோறும் சென்றார். முனிவர்க்கு உணவளிக்கும் முறையை அக்காலத்து மக்கள் அறியார். ஆனால் அன்பு அவர்களிடம் நிரம்ப இருந்தது. ஆதலால் யானையைக் கொண்டுவந்தனர், குதிரையைக் கொண்டுவந்தனர், பொன்னும் மணியும் பட்டாடையும் கொண்டுவந்து அடியில் வைத்தனர். தம் கன்னியரையே கொடுக்க முன்வந்தவரும் உண்டு. பகவான் ஒன்றையும் ஏற்காது நடந்தார். இவ்வாறு ஓராண்டுக்கு மேல் கழிந்தது. பின்னர் அத்தினாபுரத்தில் சிரேயாம்ச மன்னன் முற்பிறவி நினைவால் தானத்தின் முறையை உணர்ந்து, அன்று அரண்மனைக்கு வந்திருந்த கரும்புச் சாற்றை முறைப்படி அளித்தான். பகவான் இரு கைகளிலும் ஏந்தி ஏற்றார். அந்நாளே அட்சய திருதியை.

சகோதரிகளே, சற்று எண்ணிப் பாருங்கள். யானை கொடுத்தவர் பசியை அறியவில்லை. சாறு கொடுத்தவன் அறிந்தான். அந்த அட்சய திருதியையின் பெயரைச் சொல்லியே இன்று பொன் வாங்க வரிசையில் நிற்கிறோம்! எந்தப் பொன்னை அன்று பகவான் ஏற்காது சென்றாரோ அந்தப் பொன்னை!

நம் ஊரிலிருந்து வெகுதொலைவில் இல்லாத சீனாபுரத்தில் ஆதிநாதர் ஆலயம் இருக்கிறது. நன்னூல் தந்த பவணந்தி முனிவரின் ஊர் என்று போற்றப்படும் இடம் அது. ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் நன்னூலின் பாயிரத்தை உருப்போட்ட நமக்கு அவ்வாலயத்தில் நிற்கும்போதெல்லாம் தனி உவகை உண்டு. அங்கே நின்று நாம் எண்ணுவது இதுதான்: உணவு, மருந்து, நூல், அச்சமின்மை என்று தானத்தை நான்காக நம் முன்னோர் வகுத்தனர். அந்நான்கிலும் பெறுபவரின் குறை தீர்வதே நோக்கம்; கொடுப்பவரின் பெருமைக்கு அங்கே இடமே இல்லை. நாத்தனார் பெண் பத்தாம் வகுப்புப் படிக்கிறாள் எனில், அவளுக்கு வேண்டிய அகராதியும் கணக்கு நோட்டுகளும் சேலையின் விலையில் கால்பங்கு ஆகா. மூக்குக் கண்ணாடி உடைந்து நூல்கட்டிப் போட்டிருக்கும் பெரியவருக்குக் கண்ணாடி மாற்றிக் கொடுத்தால் அவர் அதை நாள்தோறும் அணிவார். நாம் கொடுத்த வேட்டி பீரோவில் ஐந்தாவது வேட்டியாக உறங்கும்.

துணியே கொடுக்க வேண்டும் என்றாலும் பட்டு வேண்டா. நம் மாவட்டத்திலேயே உடுமலை வட்டாரத்தில் பட்டுப்புழு வளர்ப்பு நடைபெறுகிறது. அதனால் பிழைக்கும் உழவரை நாம் பழிக்கவில்லை. ஆயினும் ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான கூடுகள் புழுவோடு வெந்நீரில் இடப்படுகின்றன என்பதை அறிந்தபின் அதனை அன்பளிப்பு என்று சொல்ல நம் நா கூசுகிறது. பருத்தி இருக்கிறது, நம் ஊரே பருத்தியால் வாழும் ஊர். காதர்பேட்டையில் குழந்தைகளுக்கான நல்ல பருத்தி உடைகள் வெளியூர்க் கடை விலையைவிட மிகக் குறைவாகக் கிடைப்பதை இங்குள்ளோர் அறிவர். பண்டிகைக்கு முந்திய வாரம் நெரிசலில் சிக்கி வாங்காமல், ஆடி ஆவணியில் பொறுமையாகப் பார்த்து, தையலை இழுத்துப் பார்த்து வாங்கினால் இன்னும் நன்று.

போனஸைப் பற்றி ஒரு சொல். அதனை வானத்திலிருந்து விழும் பணமாகக் கருதுகிறோம். சட்டம் 8.33 விழுக்காட்டைக் குறைந்த அளவு போனஸாக வகுத்தது. அந்த எண் எங்கிருந்து வந்தது? நூறைப் பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள். அதாவது ஆண்டுக்கு ஒரு மாதக் கூலி. பன்னிரண்டு மாதமும் நின்று கொண்டே செக்கிங் பார்த்த கால்களின் கூலி. இவ்வூர்த் தொழிலாளர் 1984-இல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். அந்நாட்களில் வகுப்பில் பிள்ளைகள் காலை உணவின்றி வந்து அமர்ந்ததை நாம் கண்டோம். அவ்வாறு போராடிப் பெற்ற காசு இரண்டு நாளில் மத்தாப்பாய்ப் போவதைக் காண மனம் ஒப்பவில்லை.

மேலும், அக்காசு வரும் என்பதற்கும் முழு உறுதியில்லை. 2011 சனவரியில் நீதிமன்ற ஆணையால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது ஊரே திகைத்தது. நொய்யல் ஆறு சாயமாய் ஓடியதன் விளைவு அது. ஆணையைக் குறை சொல்வதற்கில்லை. 2020-இல் ஊரடங்கு. 2025 ஆகத்தில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான வரியை 50 விழுக்காடாக உயர்த்தியபோது ஆர்டர்கள் தயங்கின, ஓவர்டைம் குறைந்தது. வராத போனஸை நம்பி வாங்கிய கடனுக்கு இவை எவையும் தெரியாது. சனிக்கிழமை வந்தால் அது வாசலில் நிற்கும்.

கடனுக்கு அஞ்சித் தீபாவளிச் சீட்டில் சேர்வாரும் உளர். மாதம் 500 கட்டினால் பண்டிகைக்கு மைதா, ரவை, வெல்லம், எண்ணெய், பாத்திரம், பட்டாசு, வெள்ளிக் காசு எல்லாம் வீடு தேடி வரும் என்பர். நம் சமயத்தார் மிகுதியாக வாழும் திருவண்ணாமலை மாவட்டத்தில், செய்யாறு பகுதியில், 2022-23-இல் இத்தகைய சீட்டு நிறுவனங்களை நம்பிப் பணம் கட்டியவர்கள் ஏமாந்து காவல்துறையை நாடிய செய்தியைப் படித்து நெஞ்சம் பதைத்தோம். பதிவு பெறாத சீட்டில் கட்டிய பணத்திற்குக் கையிலிருக்கும் அட்டையைத் தவிர வேறு சான்றில்லை. அதே 500-ஐ வங்கியில் ஓராண்டுத் தொடர் வைப்பாகப் போட்டு, ஐப்பசிக்கு முன் முதிருமாறு தொடங்கலாம். மகளிர் சுயஉதவிக் குழுவில் சேமிக்கலாம். மைதாவும் பட்டாசும் நமக்கு வேண்டுமா என்பதை அப்போது நாமே முடிவு செய்யலாம். சீட்டுக்காரர் முடிவு செய்ய வேண்டியதில்லை.

இனி மளிகை. பண்டிகைச் செலவு ஆண்டில் ஓரிரு முறை வருவது. மளிகைச் செலவோ நாள்தோறும் வருவது. சேமிப்பின் வேர் அடுக்களையில்தான் இருக்கிறது. கொல்லாமையும் சிக்கனமும் ஒரே வாசலில் நுழைவதை நாம் கண்டதும் அங்கேதான்.

ஆசிரியைப் பயிற்சிப் பள்ளியில் நாம் பயின்றபோது விடுதியின் சாமான் அறைச் சாவி வாரத்திற்கு ஒரு மாணவியிடம் இருக்கும். அவ்வாரத்து அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் அவள் பொறுப்பு. மாத முடிவில் செலவு மாணவியர் தலைக்கு வகுக்கப்படும். ஒருமுறை, விலை மலிவென்று எண்ணி, துவரம்பருப்பும் ரவையும் மூன்று மாதத்திற்காக வாங்கிவிட்டோம். நம்முடைய வாரம் அது, நம்முடைய யோசனை. இரண்டாம் மாதம் டப்பாவைத் திறந்தால் ரவை முழுவதும் வண்டும் அந்தும். சமையற்கார அம்மாள் முறத்தில் கொட்டி வெயிலில் வைத்தார். ஊர்ந்து சென்றவை சில. வெயிலில் துடித்தவை பல. அன்றிரவு நாம் உணவு கொள்ளவில்லை. வீட்டில் பாட்டி சொல்லித் தந்த பிரதிக்கிரமணத்தில் மூன்று புலன், நான்கு புலன் உயிர்களுக்குச் செய்த தீங்கிற்காக மன்னிப்பு வேண்டும் இடம் வந்தபோது முதன்முறையாகச் சொற்களுக்குப் பொருள் விளங்கிற்று.

மாவுக்கு நம் முன்னோர் நாள் வரையறை வைத்தனர்: மழைக்காலத்தில் 3 நாள், கோடையில் 5 நாள், குளிர்காலத்தில் 7 நாள். இளம் மருமக்கள் இதனைக் கேட்டு நகைப்பர். அரிசி வண்டு நம் ஊர் வெப்பத்தில் ஏறத்தாழ ஒரு மாதத்தில் முட்டையிலிருந்து வண்டாகிவிடும். மூன்று மாதத்திற்கு வாங்கி அடுக்குவது வண்டுக்கு மூன்று தலைமுறை வளர இடம் கொடுப்பதாகும். பின்னர் அவற்றைக் கொன்று, பொருளையும் கொட்டுகிறோம். அளவுக்கு மீறிச் சேர்த்தலைக் குற்றமென்று சமந்தபத்திரர் சொன்னது பொற்குவியலுக்கு மட்டுமன்று. ரவை டப்பாவுக்கும் பொருந்தும்.

நம் இல்லத்தில் இன்று நடைமுறை இதுவே. அரிசியும் புளியும் மிளகாயும் மட்டும் மாதக் கணக்கில் வாங்குவோம். பருப்பு பதினைந்து நாளுக்கு. ரவை, மாவு வாரத்திற்கு. வாங்கியவுடன் வெயிலில் காயவைத்து, ஆறியபின் ஈரமில்லாத பாத்திரத்தில் காய்ந்த வேப்பிலையோடு இடுவோம். காய்கறிக்கு உழவர் சந்தை. தெற்கு, வடக்கு என நம் ஊரில் இரண்டு உண்டு. எடைக்கும் விலைக்கும் பலகை இருக்கும். குடும்ப அட்டைக்கு 2011 சூன் முதல் அரிசி இலவசம். துவரம்பருப்பும் பாமாயிலும் குறைந்த விலையில் தருகிறார்கள். அதனை வாங்குவதில் கௌரவக் குறை யாதுமில்லை. வாங்கி விற்பதுதான் குறை.

பொட்டலப் பொருள்களைப் பற்றியும் எச்சரிக்கை வேண்டும். விலையை உயர்த்தாமல் எடையைக் குறைக்கும் தந்திரம் இப்போது மிகுந்துவிட்டது. ஒரு லிட்டர் என்று நாம் எடுக்கும் எண்ணெய்ப் பை 850 மில்லியாகவும் இருக்கக்கூடும். ஒரு கிராமுக்கு, ஒரு மில்லிலிட்டருக்கு என்ன விலை என்பதைப் பொட்டலத்திலேயே அச்சிட வேண்டும் என்ற விதி 2022-இல் நடைமுறைக்கு வந்தது. சிறிய எழுத்தாக இருக்கும். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படியுங்கள்.

கடையில் பற்று வைக்கும் பழக்கத்தை மட்டும் எவ்வாறேனும் விடுக. பற்று நோட்டில் வாங்குபவர் விலை கேட்பதில்லை. கேட்கும் துணிவு இருப்பதில்லை. ‘பற்று’ என்ற சொல்லே நமக்கு எச்சரிக்கை அன்றோ?

இவ்வளவு சொன்ன பின் நம் குறையைச் சொல்லாமல் விடுவது கள்ளமாகும். நம் மகனுக்குத் தலைத் தீபாவளி. சம்பந்தி வீட்டார் வரிசை கொண்டுவந்தனர்: வெள்ளித் தட்டு, மோதிரம், நமக்குப் பட்டு, பதினொரு தட்டுப் பட்சணம். நாம் ஒன்றும் கேட்கவில்லை, அது உண்மை. ஆனால் வேண்டா என்றும் சொல்லவில்லை. மாறாக, அவற்றைக் கூடத்தில் பரப்பி வைத்து, தெருவிலுள்ளோரை அழைத்துக் காட்டினோம். அவர்கள் வியந்தார்கள். நாம் மகிழ்ந்தோம். நான்கு ஆண்டுகளுக்குப் பின், வேறு எதையோ பேசும்போது மருமகள் வாய் தவறிச் சொன்னாள்: அவள் தாயின் அட்டிகை அந்த வரிசைக்காக அடகு வைக்கப்பட்டு, மீட்க முடியாமல் மூழ்கிப்போயிற்று.

மறுநாளே சம்பந்தியம்மாளிடம் சென்றோம். தட்டையும் மோதிரத்தின் மதிப்பையும் திருப்பித் தருவதாகச் சொன்னோம். “அதெல்லாம் எதுக்குங்க இப்ப, புள்ளைங்க நல்லா இருந்தாச் சரிங்க” என்று கூறிவிட்டு, மோர் கொண்டுவர உள்ளே போனார். அவர் கழுத்தைப் பார்க்க நமக்குத் துணிவு வரவில்லை. அவர் எவ்வளவு வற்புறுத்தியும் வாங்கிக்கொள்ளவில்லை. அத்தட்டு இன்றும் நம் பீரோவில் இருக்கிறது. அதில் வைத்து எவருக்கும் எதனையும் கொடுத்ததில்லை.

ஆதலின், மகன் வீட்டார்க்கு ஒரு விண்ணப்பம். கொடுப்பவர் தாமாக நிறுத்த மாட்டார். அவர்க்கு மகளின் வாழ்வு பற்றிய அச்சம் உண்டு. கோட்டைப் பெறுபவர்தான் கிழிக்க வேண்டும். திருமணப் பேச்சின் போதே, “தீபாவளிக்கு நீங்கள் வாருங்கள், ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டு வாருங்கள், அதற்கு மேல் வந்தால் திருப்பி அனுப்புவோம்” என்று வாய்திறந்து சொல்லுங்கள். நால்வகைத் தானத்துள் அபய தானம் என்று ஒன்று உண்டல்லவா? பெண்ணைப் பெற்றவரின் அச்சத்தைப் போக்குவதும் அதுவே. இதற்கு ஒரு காசு செலவில்லை. நம் இளைய மகனின் திருமணத்தில் அவ்வாறே சொன்னோம். அவர்கள் நம்பவில்லை, முதலாண்டு ஒரு பட்டுச் சேலையோடு வந்தார்கள். சேலை அவர்களோடேயே திரும்பிற்று. சற்று மனத்தாங்கலும் ஏற்பட்டது. அடுத்த ஆண்டு சரியாயிற்று.

திண்ணைக்கு வந்த இளந்தாயின் செய்தியைப் பாதியில் விட்டோம். எஞ்சிய தவணையைக் கட்டி முடிக்க அவளுக்குத் தை மாதம் வரை ஆயிற்று. அதன்பின் நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தாள். ஒரு பக்கத்தில் வாரச் சம்பளமும் மளிகையும். மறுபக்கத்தில் தீபாவளிக்கு யார் யார், அவர்க்கு மெய்யாகவே எது தேவை என்ற பட்டியல். மாமியாருக்குச் சேலைக்குப் பதிலாக முழங்கால் வலிக்கு மருத்துவச் செலவு என்று அவளே எழுதினாள். அதைக் கேட்டு மாமியார் தொலைபேசியிலேயே அழுதாராம். வங்கியில் மாதம் 500 போட்டு வருகிறாள். ஊருக்குப் பண்டிகை நெரிசலில் போகாமல் பொங்கலுக்குப் பின் போவதென்றும் கணவனும் மனைவியும் பேசி முடித்துவிட்டனர்.

சென்ற வாரம் அந்த நோட்டைக் காட்டுவதற்கு வந்தாள். பட்டியலின் இறுதியில் ‘பட்டாசு — இல்லை’ என்று அவள் எழுதியிருந்ததன் கீழே, மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகன் பென்சிலால், ‘ஒரு பெட்டி கம்பி மத்தாப்பு மட்டும்’ என்று எழுதி வைத்திருக்கிறான். எழுத்து நன்றாக இருந்தது; ஒற்றுப் பிழையும் இல்லை. அவனுக்கு என்ன விடை எழுதுவதென்று அவள் நம்மைக் கேட்டாள். அவனையே அழைத்து வரும்படி சொல்லியிருக்கிறோம்.